இரண்டாவது செட்டர்

கல்யாண வீட்டில் முதல் பந்தியில் அவரை உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. கையைப் பிடித்து இழுத்தாலும் நகரமாட்டார்.

“மொதப் பந்தில பாயசம் நீத்தமா இருக்கும் சார். பரிமாறுற பசங்க பதட்டமா ஓடிக்கினு இருப்பாங்க. ரெண்டாவதுல உக்காரலாம். நிதானமா சாப்பிடலாம்.”

இரண்டாவது பந்தியில் பல சமயம் வடை தீர்ந்துபோயிருக்கும். நான் இலையைக் காட்டி அவரைப் பார்ப்பேன்.

“வடை போனா போவட்டும். உருளைக்கெழங்கு ரெண்டு வாட்டி வச்சாங்களே, அதச் சொல்ல மாட்டீங்களே” என்பார்.

விழுப்புரம் ஜங்ஷனில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். இளம் வயதில் வாலிபால் ஆடியதற்காக ரயில்வேயில் வேலை கிடைத்தது. நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் இருவருக்கும் அறுபது கடந்த பிறகுதான் பழக்கமே ஏற்பட்டது. அதற்கு முன் எத்தனையோ முறை அந்த ஜன்னலில் நான் பயணச்சீட்டு வாங்கியிருக்கிறேன். அவர் முகம் நினைவில் இல்லை. கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளியே வரும் கை மட்டும் நினைவிருக்கிறது. விரல்கள் கணுவில் தடித்து, சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். பந்து செய்த வேலை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பொங்கலை ஒட்டி எங்கள் பக்கத்து ஊர்களுக்குள் ஒரு வாலிபால் தொடர் நடக்கும். ஊருக்கு ஓர் அணி. திண்டிவனம் அணியை என் பழைய மாணவர் ஒருவர், அரிசி ஆலை வைத்திருப்பவர், எடுத்து நடத்தினார். மைக்கில் திக்காமல் பேசுவேன் என்பதற்காக என்னை மேலாளர் ஆக்கினார். ஆட்டம் தெரிந்தவர் என்பதற்காக அவரையும் அழைத்துவந்தார். நாங்கள் இருவருமே விழுப்புரத்துக்காரர்கள். பயிற்சி உள்ள நாட்களில் மாலைப் பாசஞ்சரில் சேர்ந்து திண்டிவனம் போவோம், சேர்ந்து திரும்புவோம்.

வாலிபாலில் ஒரு பக்கத்தார் பந்தை மூன்று தரம் தொடலாம். முதலில் ஒருவர் தடுத்து எடுப்பார். இரண்டாவது ஆள் அதை வலைக்கு மேலே பதமாகத் தூக்கிக் கொடுப்பார். மூன்றாவது ஆள் எகிறி அடிப்பார். கைதட்டல் அடித்தவருக்கு. தூக்கிக் கொடுப்பவர்தான் செட்டர். யாரிடம் கொடுப்பது, எவ்வளவு உயரத்தில் கொடுப்பது, எதிரணியை எந்தப் பக்கம் ஏமாற்றுவது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. நல்ல செட்டர் கிடைக்காத அணி, எவ்வளவு பெரிய அடிக்காரர்களை வைத்திருந்தாலும் உருப்படாது.

அவர் செட்டராக ஆடியவர். அதிலும் இரண்டாவது செட்டர். முதல் செட்டருக்குக் கால் பிசகினால், கை வீங்கினால் மட்டும் உள்ளே போவார். “எங்க டீமு பெஞ்சு தேஞ்சதே என்னாலதான் சார்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கசப்பு இருக்கிறதா என்று நான் உற்றுப் பார்த்ததுண்டு. எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஆட்டக்காரர்களை எடுப்பதற்கு எங்கள் தொடரில் ஏலம் கிடையாது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா அணிகளும் கூடும். ஆட வருகிறவர்களின் பெயர்கள் சுவரில் ஒட்டியிருக்கும். முந்தைய ஆண்டு கடைசியாக வந்த அணி முதலில் ஒருவரை எடுக்கும், அதற்கு மேலே வந்த அணி அடுத்து, கோப்பை வென்ற அணி கடைசியாக. பிறகு மறுபடி முதலிலிருந்து அடுத்த சுற்று. இதை எல்லோரும் ‘பிக்’ என்பார்கள். ஓர் அணி தன் முறையை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களுடைய முறைகளை வாங்கிக்கொள்ளலாம். இந்தச் சலுகையைப் பெரும்பாலும் யாரும் பயன்படுத்தமாட்டார்கள். எங்கள் அணி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பயன்படுத்தும். காரணம் அவர்.

“கீழ எறங்கலாம் சார். மேல நின்னா ஒருத்தன்தான் கெடைப்பான். கொஞ்சம் கீழ எறங்கினா ரெண்டு பேர வாங்கலாம்.”

விழுப்புரம் பிளாட்பாரத்து பெஞ்சில் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இதைச் சொல்வார். தோலோடு இருக்கும் வேர்க்கடலைகளை வரிசையாக அடுக்குவார். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டக்காரன். பெரிய கொட்டையை எடுத்து மரக்காணத்தின் பக்கம் தள்ளி, அதற்குப் பதிலாக இரண்டு சின்னக் கொட்டைகளை இழுத்துக்கொள்வார். பேச்சு மும்முரத்தில் நான் ஏதாவது ஓர் ஆட்டக்காரனை உரித்து வாயில் போட்டுவிடுவேன்.

“அது செஞ்சி அட்டாக்கர் சார். அவன முழுங்கிட்டு யார வச்சி அடிப்பீங்க?”

“அவன் அவ்வளவு பெரிய ஆளில்ல மேடம். நெட்டுக்குப் பக்கத்துல வந்தா கை நடுங்குது.”

“யாரு, அவனுக்கா? நீங்க மொபைலப் பாத்துக்கினு இருந்திருப்பீங்க. நான் ஆட்டத்தப் பாத்தேன்.”

எதிர்த்துப் பேசாமல் அவரால் இருக்கமுடியாது. நான் ஒரு செட்டரை உயரம் என்பேன், அவர் சோம்பேறி என்பார். நான் ஒருவனை வேகம் என்பேன், அவர் அவசரம் என்பார். வரலாற்று வகுப்பில் நாற்பது நிமிடம் நான் பேச, எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டவர்களோடுதான் என் வாழ்நாள் போனது. வீட்டில் என் மனைவி மென்மையானவள், நான் சொன்னதற்கு மறுபேச்சு சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள். ஒருவர் என் முகத்துக்கு நேரே “தப்பு சார்” என்று சொல்வது எவ்வளவு சுகம் என்பதை நான் அந்த பெஞ்சில்தான் அறிந்தேன். முண்டியம்பாக்கம் தாண்டும்போது சர்க்கரை ஆலையின் பாகு வாசனை பெட்டிக்குள் நிறையும். பேரணி வரும், மயிலம் வரும். வாதம் முடிந்திருக்காது. திண்டிவனத்தில் இறங்கி மைதானம்வரை நடந்துகொண்டே தொடர்வோம்.

ஒரு நாள் சென்னையிலிருந்து என் மகன் போனில் கேட்டான். “யாருப்பா அந்தம்மா? பக்கத்து வீட்டு மாமா சொன்னாரு, தினம் ஸ்டேஷன்ல உக்காந்து சண்டை போடறீங்களாமே.”

“வாலிபால்” என்றேன்.

“வாலிபாலா?” என்றான். வைத்துவிட்டான்.

அவர் சொன்னபடி கீழே இறங்கியது எல்லாம் பலித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஓர் ஆண்டு நல்ல அடிக்காரன் ஒருவனை வானூருக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு எடுத்த இருவரில் ஒருவன் துபாய் போய்விட்டான், இன்னொருவனுக்கு முழங்கால் போய்விட்டது. அந்த ஆண்டு நாங்கள் ஒரே ஓர் ஆட்டம்தான் ஜெயித்தோம். ஆலைக்காரர் முகம் சுளித்தார். நான் ரயிலில் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

“சரி, போச்சு. அதுக்கின்னா இப்போ? ஒருத்தன நம்பி நின்னு, அவனும் போயிருந்தா? அத நெனச்சிப் பாருங்க.”

“போயிருக்க மாட்டான்.”

“இன்னா, உங்ககிட்ட எழுதிக் கொடுத்தானா?”

கல்யாணம் பற்றியும் ஒருமுறை நானே கேட்டுவிட்டேன். மயிலம் தாண்டியிருந்தது. ஏன் செய்துகொள்ளவில்லை என்றேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மொத வரன் வந்தப்போ, தங்கச்சிக்கு மொதல்ல ஆவட்டும்னேன். அவளுக்கு ஆச்சு. அப்புறம் பின்னால வரும்னு பாத்தேன். அந்த ரூட்டுல வண்டியே வரல” என்றார். சொல்லிவிட்டு, பையிலிருந்து மல்லாட்டையை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வயதிலும் சொல்லியிருக்கலாம். மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

நான் எழுத உட்கார்ந்தது அந்த மோசமான ஆண்டுக்கு அடுத்த மார்கழியைப் பற்றி. கடைசியாக வந்ததால் முதல் பிக் எங்களுக்கு. அந்த ஆண்டு எல்லோரும் பேசியது ஒரே ஒரு பையனைப் பற்றித்தான். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பையன். அப்பாவோடு கடலுக்குப் போகிறவன். ஆறடிக்கு மேல் உயரம். செட்டர்கள் பொதுவாக நின்று தூக்குவார்கள். இவன் எகிறிக் காற்றில் நின்று, எந்தப் பக்கம் கொடுக்கிறான் என்று கடைசி நொடிவரை தெரியாமல் கொடுப்பான். நாங்கள் இருவரும் பஸ் பிடித்துப் போய், கடற்கரை மணலில் அவன் ஆடுவதைப் பார்த்தோம்.

“எப்படி?” என்றேன் திரும்பும்போது, ஏதோ அவனை நான் பெற்றதுபோல.

“நல்லா ஆடறான். இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க அவனையே பாத்தீங்க. அவன் தூக்கிக் கொடுத்து அடிச்சவங்க மூஞ்சியப் பாத்தீங்களா?”

“ஏன்?”

“செட்டரப் பாக்கக் கூடாது சார். அடிக்கிறவன் மூஞ்சியப் பாக்கணும். இவன்கூட ஆடறவங்க பயந்துக்கினு ஆடறாங்க. எப்ப வரும், எங்க வரும்னு.”

மறுவாரம் என்னைக் குயிலாப்பாளையம் அழைத்துப் போனார். அங்கே ஒருவர், முப்பது தாண்டியவர், குள்ளம். ஆரோவில்லில் ரொட்டி சுடும் இடத்தில் வேலை. முன்கையெல்லாம் அடுப்பின் தழும்பு. அவரும் செட்டர். எந்த வித்தையும் இல்லை, கண்ணில் படும்படி எதுவும் இல்லை. ஆனால் அவர் கொடுத்த பந்தை அடித்த ஒவ்வொருவனும் இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினான். அதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஒப்புக்கொள்ளாமல் இருந்தேன்.

ஆட்டம் முடிந்து அந்த மனிதர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எத்தினி வருஷமா பேர் கொடுக்கற?” என்று கேட்டார் என் தோழி. அந்தச் சொல்லை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

“நாலஞ்சி வருஷமா கொடுக்கறங்க்கா. யாரும் எடுக்கல. உயரம் பத்தலன்றாங்க. இந்த வாட்டியோட நிறுத்திடலாம்னு. வூட்ல திட்டுது.”

“இந்த வருஷம் கொடு. எங்க டீமுல இருப்ப.”

“நெசமாவாக்கா?”

“நான் சொல்றேன் இல்ல. சாரே சாட்சி.”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதை மறுக்கமுடியாது, தலையாட்டினேன்.

கணக்கு எளிது. மரக்காணம் அணிக்குத் தங்கள் ஊர்ப் பையன் எப்படியும் வேண்டும். அவர்களுக்கு மூன்றாவது பிக். எங்கள் முதல் பிக்கை அவர்களுக்குக் கொடுத்தால், அவர்கள் மூன்றாவது பிக்கையும், இரண்டாவது சுற்றில் அவர்கள் முறையையும் எங்களுக்குத் தருவார்கள். எங்களுக்கு முதல் இரண்டு சுற்றுகளில் மூன்று ஆட்கள். ஒரு நல்ல அடிக்காரன், குயிலாப்பாளையத்துக்காரர், அவருக்குத் துணையாக இன்னொரு செட்டர். மரக்காணம் மேலாளர் வலை வியாபாரி. விழுப்புரத்துக்கு வந்து, எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து, மல்லாட்டை தின்றுகொண்டு ஒப்புக்கொண்டார்.

“உன் பேச்ச நம்பி வர்றேன்க்கா” என்றார். “கூட்டத்துல மாத்திப்புட மாட்டீங்களே?”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

“ரெண்டு செட்டர் எதுக்கு நமக்கு?” என்று அவர் போன பிறகு கேட்டேன்.

“வெளிய ஒருத்தன் உக்காந்துக்கினு இருந்தாதான் உள்ள இருக்கறவன் தைரியமா ஆடுவான். தப்பு பண்ணா பாத்துக்க ஆள் இருக்குன்னு. ஒருத்தன்தான்னா அவன் தலையில எல்லாத்தையும் கட்டிடுவோம். அந்தக் குப்பத்துப் பையன் தலையிலயும் கட்டுவாங்க, பாருங்க. சின்ன பையன். அவன் ஊர்லயே இருந்தா அப்பன் ஆத்தா பாத்துப்பாங்க.”

“மேடம், நீங்க ஒருமுறையாவது முதல்ல நிக்கலாமே” என்றேன்.

“நிக்கலாம். ஜெயிக்கவும் ஜெயிக்கலாம்” என்றார். “எனக்கு அது வேணாம் சார்.”

கூட்டம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. காலை வெயில் உள்ளே விழுந்திருந்தது. நீளமான மேசைகளில் அணி அணியாக உட்கார்ந்திருந்தோம். என் இடப்பக்கம் ஆலைக்காரர், வலப்பக்கம் அவர். முதல் பெயர் எங்களுடையது. மைக் என் கையில் வந்தது. நான் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம், எங்கள் முறையை மரக்காணத்துக்கு மாற்றித் தருகிறோம் என்பது. எழுந்து நின்று, “திண்டிவனம் அணி சார்பாக” என்று ஆரம்பித்தேன்.

எதிர் மேசையில் விழுப்புரம் அணியின் தலைவர், லாரிகள் வைத்திருப்பவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். “இன்னா புரபசரே, இந்த வருஷமும் அந்தம்மா சொல்ற மாதிரி பின்னால போறீங்களா? வூட்லதான் பொம்பள பேச்சு கேக்கறோம்னா, இங்கயுமா?”

கூடம் சிரித்தது. பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை. நல்லெண்ணத்தோடு சிரித்தவர்களும் உண்டு. என் வலப்பக்கம் அவரே கூடச் சிரித்தார். ஆலைக்காரர் மட்டும் சிரிக்காமல், மேசைத் துணியை விரலால் நீவிக்கொண்டு, “உங்க இஷ்டம் சார். போன வருஷமே ஊர்ல ஒரு மாதிரி பேசினாங்க” என்றார்.

நான் குப்பத்துப் பையனின் பெயரைச் சொன்னேன்.

சொன்ன பிறகு கைதட்டினார்கள். விழுப்புரம் தலைவர் கூட எழுந்து தட்டினார். மரக்காணத்து வலை வியாபாரி என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்திலிருந்த அவரைத்தான் பார்த்தார். அவர் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு, மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, குடிக்காமல் மூடி வைத்தார்.

இதோடு முடிந்திருந்தாலும் பாதி சரிசெய்திருக்கலாம். அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ குயிலாப்பாளையத்துக்காரரை நான் எடுத்திருக்கமுடியும். யாரும் அவரைக் கேட்கவில்லை, கடைசிவரை அவர் பெயர் சுவரில் இருந்தது. என் தோழி என்பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதே எனக்குக் கோபமாக வந்தது. செட்டர்தான் ஒருவன் கிடைத்துவிட்டானே என்று, ஒவ்வொரு சுற்றிலும் வேறு யாரையோ எடுத்தேன். கூடத்தின் பின்வரிசையில் அந்த மனிதர் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலையும்போது அவர் இவரிடம் வந்தார்.

“பரவால்லக்கா. நீ இன்னா பண்ணுவ” என்றார்.

இவர் அவருடைய முன்கையைப் பிடித்தார், தழும்பு இருந்த இடத்தில்.

திரும்பும் ரயிலில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். உயரம், தடுப்பு, எதிரணிகளின் பலவீனம். விக்கிரவாண்டி வரும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல பையன் சார். நல்லா வருவான்” என்றார்.

நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பொங்கலுக்குக் கோப்பை எங்களுக்கு. நான் பொய் சொல்லி என்னைத் தண்டித்துக்கொள்ளப் போவதில்லை, நான் எடுத்த முடிவு ஆட்டத்தில் சரியாகவே இருந்தது. குப்பத்துப் பையன் பிரமாதமாக ஆடினான். தலையில் பாரம் ஏதும் ஏறியதாகத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்தால் எங்கள் எல்லோர் காலையும் தொட்டுக் கும்பிடுவான், மரக்காணத்துக்கு எதிராக ஆடிய அன்று மட்டும் குனிந்த தலையோடு பஸ் ஏறினான். அவர் எல்லா ஆட்டத்துக்கும் வந்தார். பையன்களின் விரல்களுக்கு டேப் சுற்றினார். கோப்பை வாங்கிய அன்று புகைப்படத்துக்குக் கூப்பிட்டபோது பின்வரிசையில் நின்றார். எதிரணியைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வார். வாதம் மட்டும் வரவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

தை முடிவதற்குள், தங்கை கூப்பிடுகிறாள் என்று திருவெண்ணெய்நல்லூர் போய்விட்டார். போகும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார். “வர்றேன் சார். உடம்பப் பாத்துக்கங்க.” அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பாசஞ்சரில் நான் திண்டிவனம் போய்வந்தேன். புது ஆட்கள் என்னோடு வந்தார்கள். நான் சொல்வதையெல்லாம் “கரெக்ட் சார்” என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களோடு மயிலம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

அடுத்த மார்கழியில் அவரைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இளைத்திருந்தார். முழங்கால் வலி என்றார். காபி வந்தது. என் மகனை விசாரித்தார், பேத்தியின் படிப்பை விசாரித்தார். தங்கையும் நின்று பேசிவிட்டு உள்ளே போனார்.

“மேடம், அன்னைக்குக் கூட்டத்துல நான் செஞ்சது தப்பு” என்றேன். “உங்க வாக்கை நான் கெடுத்துட்டேன். ரெண்டு பேர்கிட்ட. நானே சாட்சின்னு தலையாட்டிட்டு.”

“அதெல்லாம் எதுக்கு சார் இப்போ. கோப்பை வாங்கினோமே.”

“கோப்பையை விடுங்க. அந்தக் குயிலாப்பாளையத்துக்காரர்...”

“நல்லா இருக்கான் சார். போன் பண்ணுவான். அதே ரொட்டி அடுப்புலதான் மேஸ்திரி மாதிரி ஆயிட்டான். ஆடறத வுட்டுட்டான்” என்றார். “மரக்காணத்துக்காரருகிட்டயும் நான் பேசிட்டேன். அவரு பெருந்தன்மையா எடுத்துக்கினாரு.”

என் சார்பில் அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார் என்று புரிந்தது. நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்தாரா இல்லையா என்பது எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை. அவர் ஒருமுறை “தப்பு சார்” என்று சொன்னால் போதும், மறுநாளே அந்த பெஞ்சுக்கு அவரை அழைத்துப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆகவே பிக் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கோப்பை வென்றதால் இந்த ஆண்டு எங்களுக்குக் கடைசி முறை என்றேன். இரண்டு செட்டர்களின் பெயரைச் சொன்னேன். அவருக்கு இருவரையும் தெரியும். அதில் ஒருவனை அவர் எத்தனையோ முறை கிழித்துப் போட்டிருக்கிறார். வேண்டுமென்றே அவனைத்தான் எடுக்கலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

“எடுங்க சார். ஆடுவான்” என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இல்லன்னா செட்டரே வேணாம்னு பார்க்கிறேன் மேடம். எல்லா முறையிலும் அடிக்கிறவங்களையே எடுத்துடலாம். யாராவது ஒருத்தன் தூக்கிக் கொடுக்க மாட்டானா?”

வாலிபால் தெரிந்த சின்னப் பிள்ளையும் சிரிக்கும் பேச்சு அது. அவர் என் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. நான் எதற்காக வந்திருக்கிறேன், எதற்காக இப்படிப் பேசுகிறேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. இரக்கம் கூட இருந்தது.

“அதுவும் சரிதான் சார்” என்றார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, “ஆறிப்போச்சு, சூடு பண்ணி எடுத்தாறேன்” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.